கிரயப் பத்திரம் எழுதிய கையே பின்னர் எழுத மறுத்தது: ஜான் வுல்மனைப் பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

அமெரிக்கக் குடியேற்றப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் வுல்மன் என்ற 'குவேக்கர் பாதிரியார்' அடிமை முறையைத் தனி ஒருவராக எதிர்த்துத் தம் சபையையே மாற்றினார் என்று எங்கோ படித்ததாகவும், அவரே இளமையில் ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தைத் தம் கையால் எழுதியவர் என்று வேறோர் இடத்தில் கண்டதாகவும், இவ்விரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் மேற்பரப்பில் இருப்பது ஒரு வரலாற்று ஐயம். உள்ளே இருப்பது, இந்த மனிதரை நம்பலாமா, இவரைப் பற்றிய புகழ்ச்சி பிற்காலத்தவர் ஏற்றிவைத்ததா என்பதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இறையியல் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் திருச்சபை வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கையெழுத்துப் படிகளை நான் நேரில் பார்த்தவன் அல்லன். அச்சுப் பதிப்புகளை மட்டுமே வைத்துப் பேசுகிறேன்.

முதலில் 'பாதிரியார்' என்ற சொல்லை அகற்றிவிட வேண்டும். நண்பர்கள் சங்கம் என்று தம்மை அழைத்துக்கொண்ட கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களிடம் குருப்பட்டம் கிடையாது, சம்பளம் பெறும் ஆயர் கிடையாது. அவர்கள் மௌனமாகக் கூடி அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார். ஒருவருடைய பேச்சில் வரம் இருப்பதாக உள்ளூர்க் கூட்டம் கண்டால், அவரை 'ஊழியர்' என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். அவர் தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு ஊர்களுக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், அதைத் தம் கூட்டத்தின் முன் வைத்து அவர்களுடைய எழுத்துமூல இசைவைப் பெற்றுச் செல்வார். நம் ஊர்ச் சபைகளில் 'எனக்கு இதைக் குறித்து ஒரு பாரம் இருக்கிறது' என்று சொல்வார்களே, குவேக்கர்களும் ஏறக்குறைய அதே பொருளில் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். வுல்மனின் வாழ்க்கை முழுவதும் இந்தப் பாரம் என்ற சொல்லின் மீது நிற்கிறது. அவர் தம் 20களின் தொடக்கத்தில் ஊழியராகப் பதிவானவர், தொழிலால் தையற்காரர்.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை இரு வழிகளில் வருகின்றன. ஒன்று, அவர் 36ஆம் வயதில் எழுதத் தொடங்கி இறக்கும் ஆண்டுவரை தொடர்ந்த நாட்குறிப்பு. மற்றொன்று, குவேக்கர் கூட்டங்களின் பதிவேடுகளும் கடிதங்களும். பதிவேடுகள் சொல்வதை உறுதியானது என்று கொள்ளலாம். நாட்குறிப்பு சொல்வது அவருடைய ஒரு பக்கச் சாட்சியம். ஆனால் அதில் அவர் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லும் இடங்கள் பல இருப்பதால், நான் அதை நம்பத்தக்கதாகவே மதிக்கிறேன். இவை தவிர மூன்றாவதாகச் செவிவழிக் கதைகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் செவிவழி என்று சொல்லியே தருகிறேன்.

வுல்மன் 1720 அக்டோபர் 19 அன்று, அப்போதைய நியூ ஜெர்சி மாகாணத்தின் பர்லிங்டன் பகுதியில், ரேன்கோகஸ் ஆற்றை ஒட்டிய ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். (சில பழைய குறிப்புகளில் 'எட்டாம் மாதம்' என்று இருப்பதைக் கண்டு ஆகஸ்ட் என்று நினைத்துவிட வேண்டாம். 1752 வரை ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. மாதங்களின் பெயர்களில் பிற தெய்வங்களின் பெயர்கள் கலந்திருப்பதால் குவேக்கர்கள் எண்ணால் மட்டுமே மாதத்தைக் குறித்தார்கள்.) தந்தை சாமுவேல், தாய் எலிசபெத், பிள்ளைகள் 13 பேர். சிறுவனாக இருந்தபோது நடந்த ஒன்றை அவர் நாட்குறிப்பின் தொடக்கத்திலேயே வைக்கிறார். கூட்டிலிருந்த ராபின் குருவி ஒன்று குஞ்சுகளைக் காக்கப் பதறிப் பறந்தபோது அவர் கல்லெறிந்தார். ஒரு கல் பட்டு அது செத்து விழுந்தது. முதலில் வேட்டையாடிய மகிழ்ச்சி. சில நிமிடங்களில் திகில். தாயில்லாத குஞ்சுகள் பட்டினி கிடந்து சாகுமே என்று மரத்தில் ஏறி அவற்றையும் கொன்றார். துன்மார்க்கருடைய இரக்கமும் கொடுமையே என்ற நீதிமொழிகளின் வசனம் தம் விஷயத்தில் நிறைவேறிவிட்டதாக அவர் எழுதுகிறார். இதைக் குழந்தைகளுக்கான நீதிக்கதையாகவே பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். என் வாசிப்பில் அது வேறொன்று: ஒரு தவறைச் செய்த பிறகு அதைச் சரிசெய்யப் போகும் கை மேலும் கொலை செய்ய வேண்டியிருக்கிறது என்ற கண்டுபிடிப்பு. அடிமை முறையைப் பற்றிப் பின்னாளில் அவர் சிந்தித்த விதத்துக்கு இதுவே வித்து என்று நினைக்கிறேன். இது என் கருத்து, அவர் அப்படிச் சொல்லவில்லை.

21ஆம் வயதில் வீட்டை விட்டு, மவுண்ட் ஹாலி என்ற சிற்றூரில் ஒரு கடைக்காரரிடம் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். நீங்கள் கேட்ட சம்பவம் அங்கேதான், 1742 அளவில் நடந்தது. முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, கிரயப் பத்திரம் எழுதும்படி இவரிடம் சொன்னார். வாங்குபவர் அங்கேயே காத்திருந்தார். இவருக்கு மனம் கூசியது. ஆனால் தாம் ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்தவர், சொல்பவர் முதலாளி, வாங்குபவரோ தம் சங்கத்தையே சேர்ந்த முதியவர் என்றெல்லாம் எண்ணித் தளர்ந்துபோய் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் பொருந்தாத செயல் என்று தாம் நம்புவதாக இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னது மனக்குமுறலைச் சற்றுத் தணித்தது. ஆனாலும் தம்மை விட்டுவிடும்படி தெளிவாகக் கேட்டிருந்தால் தம் நிலை இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை நாட்குறிப்பு தரவில்லை. வுல்மனின் மனச்சாட்சி விழித்த கதையாகவே நாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அன்று கைமாறியவள் அவள்தான் என்பதை இங்கே ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் ஐயத்துக்கு விடை: ஆம், எழுதினார். எதிரிகள் தோண்டியெடுத்த இரகசியம் என்று அதைக் கருத வேண்டாம். அவரே பதிவு செய்ததால்தான் நமக்குத் தெரிகிறது. சிறிது காலம் கழித்து, சங்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அதே வகையான பத்திரம் ஒன்றை எழுதித் தரக் கேட்டபோது வுல்மன் நயமாக மறுத்துவிட்டார். அந்த இளைஞரும் தமக்கும் இது முழுச் சம்மதமில்லை, மனைவிக்கு யாரோ கொடுத்த கொடை என்பதால் ஏற்றுக்கொண்டேன் என்றாராம். அக்காலக் குவேக்கர்களின் நிலையை இந்த ஒரு பதில் காட்டிவிடுகிறது. பெரும்பாலோர் அடிமை முறையை வாதிட்டுக் காக்கவில்லை. அது வீட்டுக்குள் வந்துவிட்டது, என்ன செய்வது என்று இருந்துவிட்டார்கள்.

பத்திரத்தைவிட முக்கியமானவை உயில்கள். படிப்பும் நல்ல கையெழுத்தும் உடையவர் என்பதால் ஊரார் உயில் எழுத அவரிடம் வருவார்கள். அதில் வருமானமும் உண்டு. 1750களில், நல்ல மதிப்புடைய முதியவர் ஒருவர் வந்தார். உங்கள் இளம் அடிமைகளை யாருக்கு விடுகிறீர்கள் என்று வுல்மன் கேட்டார், அவர் சொன்னார். அப்படியானால் என் மன அமைதியைக் குலைக்காமல் என்னால் இதை எழுத முடியாது என்றார் வுல்மன். முதியவர் வேறொருவரிடம் எழுதிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார்: அடிமைகளைப் பெறவிருந்த மகன் முன்பு ஒழுக்கங்கெட்டுத் திரிந்தான், இப்போது திருந்திவிட்டான், இனியாவது எழுதுவீர்கள் அல்லவா என்று. அவர் தடையை எங்கே இருப்பதாக நினைத்தார் என்று பாருங்கள். அடிமைகளைப் பெறப்போகிறவனின் குணத்தில் குறை என்று நினைத்திருக்கிறார்! இருவரும் நட்பாக நெடுநேரம் பேசினார்கள், முடிவு தள்ளிப்போயிற்று. சில நாளில் மறுபடி வந்து, அவர்களை விடுதலை செய்வதாக எழுதுங்கள் என்றார், வுல்மன் எழுதினார். இன்னொரு முறை, அடிபட்டுப் படுக்கையிலிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இரத்தம் குத்தியெடுத்துவிட்டு (அக்கால வைத்தியம்), அவர் சொல்லச் சொல்ல உயிலுக்குக் குறிப்பு எடுத்தார். ஓர் அடிமைப் பெண்ணைத் தம் பிள்ளை ஒருவருக்கு விடுவதாக நோயாளி சொன்னார். வுல்மன் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதி, படுக்கையருகே கொண்டுபோய், இதற்குக் கூலி வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் நான் எழுத மாட்டேன் என்று மெல்லச் சொன்னார். பேசிய பிறகு நோயாளி அவளை விடுவிக்கச் சம்மதித்தார், உயில் முடிந்தது.

இந்த இரண்டு சம்பவங்களை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வுல்மனின் முறை இன்னது என்று கேட்டால் இதையே காட்டுவேன். அவர் எதிராளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தம் கையை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் கையை இழுத்தவர் ஆளை விட்டு விலகிப்போகவில்லை. அதே திண்ணையில், அதே படுக்கையருகில் அமர்ந்திருந்தார். மறுப்பும் உறவும் ஒரே நேரத்தில் இருந்ததால், எதிரே இருந்தவருக்குக் கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை, மறந்துவிடவும் வழியில்லை. இது தந்திரமா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. விளைவில் தந்திரம் போலத்தான் வேலை செய்தது. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் வருமானத்தையும் நல்ல பெயரையும் இழக்கத் தயாராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1746இல் ஐசக் ஆண்ட்ரூஸ் என்ற நண்பருடன் வர்ஜீனியா, வட கரோலினா வரை மூன்று மாதங்களில் ஏறத்தாழ 1,500 மைல் குதிரையில் பயணம் செய்தார். அடிமைகளின் உழைப்பில் சுகமாக வாழும் வீடுகளில் இலவசமாக உண்டு உறங்கியது அவரை உறுத்தியது. திரும்பி வந்து, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதைக் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். எழுதி எட்டு ஆண்டுகள் கையிலேயே வைத்திருந்தார். 1750இல் மரணப் படுக்கையிலிருந்த தந்தை அதை வெளியிடும் எண்ணம் உண்டா என்று கேட்ட பிறகும் நான்கு ஆண்டுகள் கழித்து, 1754இல்தான் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தின் (அந்த வட்டாரக் குவேக்கர்களின் மேல்நிலைக் கூட்டம்) ஒப்புதலுடன் அச்சாயிற்று. இரண்டாம் பகுதி 1762இல் வந்தது. அதைக் கூட்டத்தின் பொதுப் பணத்தில் அச்சிட்டு இலவசமாக வழங்கலாம் என்றபோது அவர் ஒப்பவில்லை. அந்தப் பணத்தில் அடிமை வைத்திருப்பவர்களின் காசும் இருக்கிறது, அவர்களுக்கு மனம் ஒப்பாது. மேலும் இலவசமாக வரும் புத்தகத்தை ஒளித்துவைத்துவிடுவார்கள், காசு கொடுத்து வாங்குபவன்தான் படிப்பான் என்பது அவர் கணக்கு. ஆகவே தம் செலவில் அச்சிட்டு அடக்க விலைக்கு விற்றார். கடைக்காரராக இருந்த அனுபவம் இங்கே கைகொடுத்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஆம், இடையில் அவர் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். 1749இல் சேரா எல்லிஸை மணந்தார். ஒரு மகள், மேரி. மகன் ஒருவன் குழந்தையிலேயே இறந்தான். கடை நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததுதான் பிரச்சினையாயிற்று. வியாபாரம் பெருகப் பெருக மனம் அதிலேயே கட்டுண்டு போவதைக் கண்டு, 1756இல் வாடிக்கையாளர்களிடம் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தையலோடும் ஆப்பிள் தோட்டத்தோடும் நின்றுகொண்டார்.

1757இல் மறுபடி தெற்கே போனபோது இலவச விருந்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சிறிய வெள்ளிக் காசுகளை நிறையச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும் முன் குடும்பத் தலைவரைத் தனியே அழைத்து, இதை உங்கள் அடிமைகளுக்குக் கொடுங்கள் என்று சில காசுகளைத் தருவார். சில இடங்களில் தாமே அவர்கள் கையில் கொடுப்பார். விருந்தோம்பலுக்குக் காசு நீட்டுவது நம் ஊரில் எவ்வளவு பெரிய அவமதிப்போ, செல்வமும் செருக்கும் நிறைந்த அந்தப் பண்ணைவீடுகளிலும் அவ்வளவு அவமதிப்பு. தமக்கும் அவர்களுக்கும் அது சோதனையாக இருந்தது என்று எழுதுகிறார். ஆயினும் கடுமையாக நடந்துகொண்டவர் அதிகம் இல்லை. வழியில் கேட்ட வாதங்களையும் குறித்து வைத்தார். கறுப்பர்கள் சோம்பேறிகள் என்றார் ஒரு படைத்தலைவர். பலன் தமக்கில்லை, சாகும்வரை அடிமைத்தனம்தான் என்று தெரிந்தவனுக்கு உழைக்க என்ன தூண்டுதல் இருக்கும் என்று கேட்டார் வுல்மன். ஆப்பிரிக்காவின் போர்களிலிருந்து அவர்களைக் காப்பாற்றித்தான் கொண்டுவருகிறோம் என்றார் மற்றொருவர். இரக்கத்தால் கொண்டுவந்திருந்தால், துன்பத்திலிருந்து மீண்டு வந்த அந்நியரைப் போல அன்பாகவல்லவா நடத்தியிருப்போம் என்றார் வுல்மன்.

இனி, 'தனி ஒருவராக' என்ற சொல்லுக்கு வருகிறேன். அது பிழை. பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பத்தைக் கூட்டத்தின் முன் வைத்தது 1688இல், வுல்மன் பிறப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன். மேலிடங்களுக்கு அனுப்பி அனுப்பியே அதைக் கிடப்பில் போட்டார்கள். 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், உருவில் குள்ளமான, கூன் விழுந்த பெஞ்சமின் லே, உள்ளே குடைந்த புத்தகம் ஒன்றில் சிவந்த பழச்சாறு நிரப்பிய பையை ஒளித்து வைத்து, வாளால் குத்தி, அடிமை வைத்திருப்போர் மீது இரத்தம் போலத் தெளித்தார். சங்கம் அவரை உறுப்பினர் அல்லர் என்று விலக்கியது. பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த அந்தோணி பெனிசெட் என்ற ஆசிரியர் வுல்மனின் நெருங்கிய தோழர். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளுக்கும் ஓயாமல் கடிதங்களும் நூல்களும் அனுப்பி, வுல்மனைவிட அதிக ஆட்களை எட்டியவர் அவர் என்றே சொல்லலாம். லேயைப் போன்றவர்கள் பிடித்து உலுக்கியிராவிட்டால் வுல்மனின் மென்மையான குரல் கேட்டிருக்குமா என்பது வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கும் கேள்வி. கேட்டிருக்காது என்ற பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் இது நிரூபிக்கக்கூடிய செய்தியன்று.

நிரூபிக்கக்கூடியது 1758ஆம் ஆண்டு பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம். அடிமை விஷயத்தில் இப்போதைக்குப் பொறுத்திருப்போம், ஆண்டவர் காலப்போக்கில் வழி திறப்பார் என்று பலர் பேசினார்கள். கடைசியில் வுல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரல் மேலே எட்டிவிட்டது, இது தாமதிக்கும் காலம் அன்று, சிலருடைய சொந்த லாபத்தையும் பழைய நட்புகளையும் பார்த்து நாம் கடமையைத் தவறவிட்டால் தேவன் பயங்கரமான விதத்தில் பதில் தரக்கூடும் என்ற பொருளில் சுருக்கமாகப் பேசினார். அன்றைய முடிவு இரண்டு: இனி அடிமைகளை வாங்கும் அல்லது விற்கும் உறுப்பினர் சங்கத்தின் நிருவாகக் கூட்டங்களில் பங்கேற்கக் கூடாது, அவரிடம் நன்கொடையும் வாங்கக் கூடாது என்பது ஒன்று; அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் வீடுதேடிச் சென்று பேச வேண்டும் என்பது மற்றொன்று. அந்தப் பணிக்கு முன்வந்த சிலரில் வுல்மனும் ஒருவர். அடுத்த ஆண்டுகளில் அவர் செய்தது பெரும்பாலும் இந்த வீட்டுச் சந்திப்புகளே. 1760இல், அடிமைக் கப்பல்களின் துறைமுகமாகிய நியூபோர்ட்டுக்கும் சென்று அங்கிருந்த குவேக்கர்களைச் சந்தித்தார். இவை சலிப்பூட்டும், முகம் சுளிக்க வைக்கும், புகழ் தராத வேலைகள். 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் உறுப்பினராக நீடிக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தபோது வுல்மன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவரை ஐயுறுவதற்கு நீங்கள் குறிப்பிடாத, பத்திரத்தைவிடக் கனமான இன்னொரு காரணம் இருக்கிறது. அதையும் அவரே எழுதியிருக்கிறார். இறந்துபோன நண்பர் ஒருவரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இன்னொருவரோடு அவருக்கு வந்தது. இருவரும் சேர்ந்து ஒரு கறுப்பினச் சிறுவனை, அவன் 30 வயதை அடையும்வரை ஊழியம் செய்யும்படி விற்றுவிட்டு, பணத்தைச் சொத்துக் கணக்கில் சேர்த்தார்கள். விடுவிக்கப்பட்ட அடிமை வறுமையுற்றால் உடையவரே பராமரிக்க வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி, ஆயுள் முழுவதும் வைத்திருக்க விரும்பாதவர்கள்கூட இளையவர்களை 30 வயதுவரை கூலியின்றி வேலைவாங்கும் வழக்கம் அப்போது இருந்தது. ஆராதனையில் மௌனமாக அமர்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான் என்கிறார். 1769 அளவில், மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் அங்குள்ள அடிமை உடையவர்களிடம் பேச வேண்டும் என்ற பாரம் அழுத்தியபோது, இந்தக் கணக்கைத் தீர்க்காமல் போக முடியாது என்று தெரிந்தது. வெள்ளையர் பிள்ளைகள் 21 வயதுவரை மட்டுமே ஊழியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இவனை 9 ஆண்டுகள் கூடுதலாக விற்றிருக்கிறோம். பொறுப்பாளர் இருவரில் நான் ஒருவன். ஆகவே என் பங்கு நாலரை ஆண்டு. அந்தக் கடைசி நாலரை ஆண்டுக்கு நடுநிலையாளர்கள் நியாயம் என்று சொல்லும் தொகையை, அவன் உயிரோடிருந்து தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், வாங்கியவருக்குத் தாமோ தம் வாரிசுப் பொறுப்பாளர்களோ கொடுத்துவிடுவதாகக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இதைப் படிக்கும் சிலருக்கு நிம்மதி ஏற்படும், சிலருக்கு எரிச்சல் ஏற்படும். இரண்டும் நியாயமே. ஒரு மனிதனின் நாலரை ஆண்டை இப்படித் துல்லியமாகப் பாகம் பிரித்துக் கணக்குப் பார்க்கலாமா, உடனே முழு விடுதலைக்குப் போராடியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கபடதாரி என்பவன் ஊருக்கு ஒன்று சொல்லித் தன் கணக்கை மறைப்பவன்; இவர் ஊருக்குத் தெரியாத கணக்கைத் தாமே எழுதிப் பிறர் கையில் கொடுத்துவிட்டார்.

பிற்கால வுல்மன் சுற்றியிருந்தவர்களுக்கே விசித்திரமானவராகத் தெரிந்தார். தம் கடையில் ஒரு காலத்தில் ரம்மும் சர்க்கரையும் வெல்லப்பாகும் விற்றவர், அவை அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதால் சர்க்கரை உண்பதை நிறுத்தினார். 1760களின் தொடக்கத்திலிருந்து சாயமேற்றாத துணிகளையே அணிந்தார். அவுரிச் சாயம் அடிமைகளின் விளைச்சல் என்பதால் மறுத்தார் என்று இதற்குப் பலரும் காரணம் எழுதுகிறார்கள். நாட்குறிப்பில் அவர் தரும் காரணங்கள் வேறு: சாயம் துணியைக் கெடுக்கிறது, அழுக்கை மறைக்கிறது, கண்ணுக்கு வீண் பகட்டு. அடிமை உழைப்பும் மனத்தில் இருந்திருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. சாயமற்ற வெண்ணிறத் தொப்பியை அவர் அணிந்த நேரத்தில் நாகரிகப் பிரியர்களும் வெள்ளைத் தொப்பி அணியத் தொடங்கியிருந்ததால், இவரும் மோஸ்தருக்கு ஆசைப்படுகிறார் என்று சில நண்பர்கள் ஒதுங்கினார்களாம். பாவம், அந்தச் சங்கடத்தையும் அவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

1763இல், எல்லைப்புறத்தில் போர் மூண்டிருந்த வேளையில், சஸ்குவஹானா ஆற்றங்கரையின் வையலூசிங் என்ற பூர்வகுடி ஊருக்குச் சென்றார். அவர்களுடைய வாழ்வையும் மனத்தையும் புரிந்துகொள்ளவும், அவர்களிடமிருந்து தாம் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா என்று பார்க்கவும் போவதாக எழுதினார். அக்கால வெள்ளையர் எழுத்தில் இது அரிய தொனி. மொழிபெயர்ப்பவர் இன்றி அவர் ஜெபித்ததைக் கேட்ட பாபுனஹாங் என்ற தலைவர், சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று உணர்வது எனக்குப் பிடிக்கும் என்றாராம்.

1772 மே மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணிகள் அறையின் வெளியே இருந்த செதுக்கு வேலைப்பாடுகளைக் கண்டு, அந்த ஆடம்பரத்துக்குத் தம் கட்டணமும் போகும் என்பதால், மாலுமிகள் முடங்கிக் கிடக்கும் கீழ்த்தளத்தில் ஐந்து வாரத்துக்கு மேல் பயணம் செய்தார். ஜூன் 8 அன்று இறங்கி நேரே இலண்டன் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனார். அவருடைய கோலத்தைக் கண்டு, ஊருக்கே திரும்பிவிடலாமே என்று ஒருவர் சொன்னதாகவும், அவர் கண்ணீருடன் அமர்ந்திருந்து பிறகு பேச, அனைவரும் மனம் மாறியதாகவும் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அது நாட்குறிப்பில் இல்லை. பிறர் வழியாக வந்தது. நடந்திருக்கக்கூடியது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவ்வாண்டு அந்தக் கூட்டம் வெளியிட்ட மடலில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பகுதி இடம்பெற்றது என்பது உறுதி. பிறகு அவர் வடக்கு நோக்கி நடந்தார். அஞ்சல் வண்டிகள் 24 மணி நேரத்தில் 100 மைலுக்கு மேல் ஓடுகின்றன, குதிரைகள் ஓடியே சாகின்றன, சில குருடாகும்வரை ஓட்டப்படுகின்றன, வண்டிச் சிறுவர்கள் குளிரில் விறைத்து இறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வண்டியிலும் ஏறவில்லை, தமக்குக் கடிதம் அஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவசரத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை அவர் 1772இலேயே பார்த்துவிட்டார்.

யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அக்டோபர் 7 அன்று, 52 வயது நிறைய 12 நாள் இருக்கையில் இறந்தார். ஒடுக்குமுறையின் கைகள் வழியாக வந்த மருந்தைத் தம்மால் எடுத்துக்கொள்ள முடியாது என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லியிருந்தார். அலங்காரமற்ற ஆஷ் மரப் பெட்டியும் மலிவான ஃபிளானல் துணியும் போதும், அந்தச் செலவுக்கும் குழி வெட்டும் கூலிக்கும் தம் உடைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்திருந்தார்.

நாட்குறிப்பு 1774இல் பிலடெல்பியாவில் அச்சானது. பதிப்புக் குழுவினர் அவருடைய கனவுகளில் சிலவற்றை நீக்கிவிட்டார்கள். கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டு அவற்றை மீட்டது 1971ஆம் ஆண்டுப் பதிப்பு. இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய பதிப்பின் வழிவந்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவு என்றால் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். உயில்களைப் பற்றிய பகுதியையும், அந்தச் சிறுவனைப் பற்றி அவர் எழுதிய ஒரு பக்கத்தையும் படித்துவிட்டு, அவரை நம்பலாமா என்ற உங்கள் கேள்வியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.